சீனப் பண்பாடு: வழக்காறும் வணக்கமும்

சீனா வரை சென்றேனும் அறிவைத் தேட வேண்டும் என்ற கருத்துடைய வாசகம் ஒன்று எமது மேடைகளில் அடிக்கடி ஒலிப்பதுண்டு. ஹதீஸ்கலை அறிஞர்கள் அதன் அறிவிப்பாளர் தொடரை ஏற்கவில்லை. மிகப் பலவீனமானது எனச் சிலரும், இட்டுக்கட்டப்பட்டது என வேறு சிலரும் தீர்ப்பளித்துள்ளனர். எனினும், அவ்வாசகம் பரவிய அளவுக்குச் சீனாவைப் பற்றிய அறிவு எம்மிடையே பரவவில்லை. சீனத்துப் பொருள் இல்லாத வீடு இன்று அரிது. ஆனால் அப்பொருளைச் செய்த மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு அழைக்கின்றனர், விருந்தினரை எவ்வாறு உபசரிக்கின்றனர், இறந்தோரை எவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்பவற்றை நாம் அறியோம்.

இத்தனைக்கும் அவர்கள் எமக்கு அந்நியர் அல்லர். கொழும்பு தேசிய நூதனசாலையில் 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. சீனத்தின் மிங் அரசவம்ச காலத்தில், 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுப் பொறிக்கப்பட்ட அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தெவிநுவரைக் கோயிலின் தேனவரை நாயனாரைப் போற்றுகின்றது. பெரிதும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்குரியது. பொன், வெள்ளி, பட்டு, நறுமணப் பொருட்கள் எனக் காணிக்கைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அக்கல்லை நிறுவிய கடற்படையின் தளபதி ஸெங் ஹ, யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். அவரது இயற்பெயர் மா ஹ. அவரது தந்தை 'ஹாஜி' என்ற பட்டத்துடன் அறியப்பட்டவர்.

ஒரே கல்லில் மூன்று சமயத்தவரையும் அவரவர் மொழியில் விளித்த இச்செயலைச் சமய சமரசம் என்று அவசரப்பட்டுக் கூறிவிட முடியாது. அதே கடற்படை இலங்கையின் அரசியலில் தலையிட்டுப் போரிட்டு, அழகக்கோனாரைச் சிறைப்பிடித்து 1411இல் சீனா கொண்டுசென்றது. எனவே இக்கல்வெட்டைச் சீனர்களின் 'லி' என்னும் கருத்தின் வழியே நோக்குவதே பொருத்தமானது. சீனப் பண்பாட்டைத் திறக்கும் சாவி அந்தச் சொல்லே.

'லி' எனும் ஒழுங்கு

'லி' என்ற சொல்லை ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்ப்பது கடினம். தொடக்கத்தில் அது தெய்வங்களுக்கும் மூதாதையருக்கும் செய்யும் சடங்கைக் குறித்தது. காலப்போக்கில் அரசவை நடைமுறை, திருமணம், இறுதிக்கிரியை, விருந்தோம்பல், உண்ணும் முறை, பேசும் முறை என மனித உறவுகள் அனைத்தையும் நெறிப்படுத்தும் மரியாதை ஒழுங்காக விரிந்தது. அரபு மொழியில் 'அதப்' என்ற சொல் உணர்த்துவதில் ஒரு பகுதியும், 'ஆதத்' என்ற சொல் உணர்த்துவதில் ஒரு பகுதியும் அதில் அடங்குகின்றன. ஆயினும், வணக்கத்தின் சாயலும் அதில் ஒட்டிக்கொண்டே வந்துள்ளது என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். இக்கட்டுரை பேசவரும் பிரச்சினை அங்கேதான் தோன்றுகிறது.

கி.மு. 551 முதல் 479 வரை வாழ்ந்த கன்பூசியஸ் இக்கருத்தைத் தமது போதனையின் மையமாக்கினார். அவர் தம்மைத் தீர்க்கதரிசி என்று உரிமை கோரியவர் அல்லர். மறுமையைப் பற்றி அதிகம் பேசியவரும் அல்லர். மனிதன் மனிதனோடு எவ்வாறு வாழ வேண்டும் என்பதே அவரது கேள்வி. அவரது வழிவந்தோர் மனித உறவுகளை ஐந்தாக வகுத்தனர். தந்தை–மகன், ஆள்வோர்–குடிகள், கணவன்–மனைவி, மூத்தோர்–இளையோர், நண்பர்–நண்பர் என்பன அவை. ஒவ்வோர் உறவிலும் இரு தரப்புக்கும் கடமை உண்டு. அரசுப் பணிக்கான தேர்வுகளும் இந்நூல்களையே அடிப்படையாகக் கொண்டிருந்தன. 1905இல் ஒழிக்கப்படும் வரை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிலவிய அத்தேர்வு முறையே இவ்வொழுங்கைச் சீனத்தின் மூலைமுடுக்கெங்கும் கொண்டுசேர்த்தது.

உறவுப் பெயர்கள் சொல்லும் கதை

சீனர்கள் குடும்பப் பெயரை முன்னும் தம் சொந்தப் பெயரைப் பின்னும் வைப்பர். மா சேதுங் என்பதில் 'மா' குடும்பப் பெயராகும். தனிமனிதனுக்கு முன்னே குடும்பம் நிற்கின்றது. திருமணத்தின் பின்னரும் பெண் தன் தந்தையின் குடும்பப் பெயரைக் கைவிடுவதில்லை. இது முஸ்லிம்களாகிய எமக்கு நன்கு பழக்கமான நெறியே.

உறவுப் பெயர்களில் சீனமும் தமிழும் வியப்பூட்டும் விதத்தில் நெருங்குகின்றன. ஆங்கிலேயன் ஒரே சொல்லால் அழைக்கும் உறவுகளைச் சீனர்கள் நுட்பமாகப் பிரித்தறிகின்றனர். தந்தையின் மூத்த சகோதரர் 'போபோ', இளைய சகோதரர் 'ஷூஷு', தாயின் சகோதரர் 'ஜியூஜியூ', தந்தையின் சகோதரி 'கூகூ'. பெரியவாப்பா, சாச்சா, மாமா, மாமி என்று அழைத்து வளர்ந்த எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அண்ணன் 'கக', தம்பி 'தீதி', அக்காள் 'ஜியேஜியே', தங்கை 'மெய்மெய்' என உடன்பிறந்தோரிலும் மூப்பு இளமை பேணப்படும். மூத்தவரைப் பெயர்சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவு.

இந்த அமைப்பு அண்மைக் காலத்தில் பெரும் அதிர்ச்சியைச் சந்தித்தது. 1970களின் இறுதியில் தொடங்கி 2015 வரை நடைமுறையிலிருந்த ஒரு குழந்தைக் கொள்கையினால் நகர்ப்புறங்களில் ஒரு தலைமுறையே உடன்பிறப்பின்றி வளர்ந்தது. ஒற்றைப் பிள்ளைக்கு அண்ணனும் இல்லை, தங்கையும் இல்லை. அவ்வாறான இருவர் மணந்து பெறும் குழந்தைக்குப் பெரியவாப்பாவும் இல்லை, மாமியும் இல்லை. அந்தச் சொற்கள் அகராதியில் இருக்கும். அவற்றால் அழைக்கப்படுவதற்கு ஆள் இருக்காது. ஒரு கணவனும் மனைவியும் நான்கு பெற்றோரைத் தாங்க வேண்டிய நிலை உருவாகியது. முதிய பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி சென்று பார்க்க வேண்டும் என்று 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் கூறுகின்றது. பெற்றோரைப் பேணுதலை, அதாவது 'ஸியாவ்' என்ற நற்பண்பை, அறங்களின் வேராகக் கொண்ட நாட்டில் அதனைச் சட்டத்தால் நினைவூட்ட நேர்ந்தது சிந்தனைக்குரியது. 2016இல் இரண்டு குழந்தைகளும் 2021இல் மூன்று குழந்தைகளும் அனுமதிக்கப்பட்டன. எனினும் 2022 முதல் சீனத்தின் மக்கள்தொகை குறைந்து வருகின்றது.

முகம், மேசை, பரிசு

அன்றாட வாழ்வில் 'லி' வெளிப்படும் இடங்களுள் முதன்மையானது 'மியென்ஸ', அதாவது முகம். ஒருவரது மதிப்பும் கண்ணியமுமே அவரது முகம். பிறர் முன்னிலையில் ஒருவரின் தவறைச் சுட்டிக்காட்டுவது அவரது முகத்தைப் பறிப்பதாகும். அவரைப் பாராட்டுவது முகம் கொடுப்பதாகும். 'முகம் கொடுத்துப் பேசுதல்' என்ற வழக்கு தமிழிலும் உண்டல்லவா? சீனர் ஒருவர் 'முடியாது' என்று நேரடியாகக் கூறாமல் 'யோசிப்போம்' என்றோ, 'சற்றுச் சிரமம்' என்றோ கூறினால் பெரும்பாலும் அது மறுப்பே. அதனை நேர்மையின்மை என்று கருதும் வெளிநாட்டார், எதிரில் இருப்பவரின் கண்ணியத்தைக் காப்பதற்காகவே அவ்வாறு பேசப்படுகிறது என்பதை அறிவதில்லை.

'சாப்பிட்டீர்களா?' என்பது பழைய தலைமுறைச் சீனர்களிடையே நலம் விசாரிக்கும் முகமன். உண்ணும் மேசை பெரும்பாலும் வட்டமானது. உணவு நடுவில் வைக்கப்பட்டு அனைவரும் பகிர்ந்துண்பர். வாயிலை நோக்கிய இருக்கை முதன்மை விருந்தினருக்குரியது. மூத்தவர் தொடங்கிய பின்னரே இளையோர் கைவைப்பர். உணவுக் குச்சிகளைச் சோற்றுக் கிண்ணத்தில் செங்குத்தாகக் குத்திவைக்கலாகாது. இறந்தோருக்குப் படைக்கும் சோற்றில் ஊதுபத்தி நட்டது போன்ற தோற்றத்தை அது தரும். வட சீனத்தார் கோதுமை உணவை விரும்புவர், தென் சீனத்தார் அரிசிச் சோறு உண்பர். முஸ்லிம் பயணி ஒன்றை அறிந்திருத்தல் நலம். ஹான் சீனர் வெறுமனே 'இறைச்சி' என்று கூறினால் அது பன்றி இறைச்சியையே குறிக்கும். விருந்தில் மது வழங்கப்படுகையில் அதற்குப் பதிலாகத் தேநீர்க் கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துக் கூறுவது சீனர்களே ஏற்றுக்கொண்ட முறை. மார்க்கத்தைக் காத்துக்கொள்வதற்காக விருந்தளிப்பவரின் முகத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

தேநீர் இன்றிச் சீன உபசரிப்பு இல்லை. எட்டாம் நூற்றாண்டிலேயே லூ யூ என்பவர் தேயிலைக்கென ஒரு நூல் இயற்றினார். தேயிலையின் பெயரும் சீனத்திலிருந்தே உலகெங்கும் சென்றது. தென்கிழக்குக் கரையோரத்து ஃபூஜியன் மக்களின் 'தே' கடல்வழியே பரவித் தமிழில் 'தேநீர்' ஆயிற்று. ஏனைய பகுதிகளின் 'ச்சா' பாரசீகம், துருக்கி, அரபு, இந்தி ஆகிய மொழிகளில் சாய், ஷாய் என வழங்குகின்றது.

சீன மொழியில் ஒரே ஒலிக்குப் பல பொருள் உண்டு. எனவே நன்னிமித்தமும் துர்நிமித்தமும் ஒலியிலிருந்தே பிறக்கின்றன. நான்கைக் குறிக்கும் சொல் மரணத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பதால் பல கட்டடங்களில் நான்காம் மாடி என்ற எண்ணே இராது. எட்டு செல்வச் செழிப்பை நினைவூட்டும். பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டிகள் 2008ஆம் ஆண்டு எட்டாம் மாதம் எட்டாம் திகதி இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது தற்செயல் அன்று. சுவர்க்கடிகாரத்தைப் பரிசளித்தல் ஆகாது. 'கடிகாரம் கொடுத்தல்' என்பது 'இறுதிக்கிரியை செய்தல்' என்பதுபோல ஒலிக்கும். பரிசை இரு கைகளாலும் கொடுப்பர். பெறுபவர் இரண்டொரு முறை மறுத்த பின்னரே ஏற்பார், கொடுத்தவர் முன்னிலையில் அதனைப் பிரிக்கவும் மாட்டார்.

காலக்கணிப்பும் பெருநாட்களும்

சீன மாதம் சந்திரனை அடிப்படையாகக் கொண்டது. ஆயினும் ஹிஜ்ரி நாட்காட்டியைப் போன்று அது பருவங்களினூடே சுழல்வதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறை மேலதிக மாதமொன்றைச் சேர்த்து சூரிய ஆண்டுடன் இணைத்துக்கொள்வர். ஆகவே சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பெப்ரவரி 20க்கும் இடையிலேயே வரும். இத்துறையில் முஸ்லிம்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அவைக்கு வந்த வானியல் அறிஞர் ஜமாலுத்தீன் 1267இல் புதிய நாட்காட்டியொன்றையும் வானியல் கருவிகளையும் சமர்ப்பித்தார். 1271இல் முஸ்லிம் வானியலுக்கெனத் தனி அரசுப் பணியகமும் நிறுவப்பட்டது.

புத்தாண்டு குடும்பம் ஒன்றுசேரும் நாள். நகரங்களில் உழைப்போர் கோடிக்கணக்கில் ஊர் திரும்புவர். சிறுவர்க்குச் சிவப்பு உறையில் பணம் கொடுப்பர். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் 'சிங்மிங்' அன்று முன்னோரின் அடக்கத்தலங்களுக்குச் சென்று துப்புரவு செய்வர், ஊதுபத்தி ஏற்றுவர், உணவு படைப்பர், இறந்தோரின் உலகில் பயன்படும் என்று காகிதப் பணத்தை எரிப்பர். பழைய இல்லங்களில் முன்னோரின் பெயர் பொறித்த பலகைக்கு வணக்கம் செலுத்தும் வழக்கமும் இருந்தது.

இங்கேதான் கேள்வி எழுகின்றது. இது மரியாதையா, வணக்கமா? பெற்றோரைப் பேணுதல் முடிந்து, இணைவைத்தல் எங்கே தொடங்குகின்றது?

இக்கேள்வி கத்தோலிக்கரையும் வாட்டியது. 1610இல் பெய்ஜிங்கில் மறைந்த இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி, முன்னோருக்கான சடங்குகள் சமூக மரியாதையே என்று கருதினார். ஏனைய சபையினர் மறுத்தனர். 1704இலும் 1715இலும் போப்பாண்டவர் அச்சடங்குகளைத் தடைசெய்தார். சினமுற்ற பேரரசர் காங்ஸி 1721இல் கிறிஸ்தவப் பிரசாரத்துக்கே தடை விதித்தார். 1939இலேயே வத்திக்கான் தன் நிலைப்பாட்டைத் தளர்த்தியது.

சீன முஸ்லிம்கள் கண்ட விடை

முஸ்லிம்கள் அக்கேள்வியை வெளியிலிருந்து எதிர்கொண்டவர்கள் அல்லர். தாங் வம்ச காலம் முதல் அரபு, பாரசீக வணிகர்களும், பின்னர் மங்கோலியர் காலத்தில் மத்திய ஆசியப் படைவீரரும் கைவினைஞரும் அங்கு குடியேறினர். உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களே ஹுய் மக்கள். இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட அவர்களின் தாய்மொழி சீனமே. சீனா அங்கீகரித்துள்ள 56 இனங்களுள் முஸ்லிம் இனங்கள் பத்து. ஹுய், உய்குர் ஆகிய இரண்டும் அவற்றுள் பெரியவை.

பதினாறாம் நூற்றாண்டளவில் ஹுய் மக்களிடையே அரபும் பாரசீகமும் மங்கிவிட்டன. ஷான்ஸி மாகாணத்தின் ஹூ தெங்ஜோ பள்ளிவாசல்களை மையமாகக் கொண்ட கல்விமுறையொன்றைத் தொடங்கினார். அரபு எழுத்தில் சீன மொழியை எழுதும் 'ஸியாவ்அர்ஜிங்' முறை அக்கல்வியோடு இணைந்து வழங்கியது. அரபுத் தமிழில் நூல்கள் இயற்றிய எமது முன்னோருக்கு இவர்கள் கல்விவழிச் சகோதரர்கள் எனலாம். இன்றும் ஆலிமை அவர்கள் 'அஹொங்' என்பர். 'ஆகூந்த்' என்ற பாரசீகச் சொல்லின் திரிபு அது. ஐவேளைத் தொழுகைகளின் பெயர்களும் பாரசீகமே. ஹெனான் மாகாணத்தில் பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல்களும் அவற்றை நடத்தும் பெண் அஹொங்குகளும் உள்ளமை இச்சமூகத்தின் தனிச்சிறப்பு.

1642இல் வாங் தாய்யூ இஸ்லாமியக் கொள்கையை விளக்கும் தமது நூலைச் சீன மொழியில் வெளியிட்டார். நான்ஜிங்கைச் சேர்ந்த லியூ ஸி 1710இல் இஸ்லாமியச் சட்டங்களையும் ஒழுக்க முறைகளையும் விளக்கும் நூலை வெளியிட்டார். 'லி' என்ற சீனக் கருத்தையே அவர் அதற்குச் சட்டகமாகக் கொண்டார். இஸ்லாத்தின் ஐந்து கடமைகளை இறைவனை நோக்கிய பாதையாகவும், கன்பூசியரின் ஐந்து உறவுகளை மனிதரை நோக்கிய பாதையாகவும் இணைத்துக் காட்டினார். அப்போதும் ஒரு மாற்றம் செய்தார். கணவன்–மனைவி உறவை முதலிடத்தில் வைத்தார். ஆதமும் ஹவ்வாவுமே மனித குலத்தின் தொடக்கம் என்று நம்புபவருக்கு வேறு எந்த உறவும் முதன்மையாக இருக்க இயலாது. அல்லாஹ்வைக் குறிக்கச் சீன மக்களின் தெய்வப் பெயர் எதனையும் ஏற்காமல் 'மெய்யான அதிபதி' எனப் பொருள்படும் 'ஸென்ஸு' என்ற சொல்லை இவ்வறிஞர்கள் வழங்கினர். 'சிங்ஸென்' என்ற சொல்லுக்குத் 'தூய்மையும் உண்மையும்' என்று பொருள். பள்ளிவாசலுக்கும் ஹலால் உணவுக்கும் அதுவே அடையாளச் சொல்லாகியது.

இவ்வறிஞர்கள் வகுத்த கோடு தெளிவானது. பெற்றோரைப் பேணுதல், மூத்தோரை மதித்தல், விருந்தோம்பல், சீன உடை, சீன மொழி ஆகியவை வழக்காறு, எனவே அவற்றை ஏற்கலாம். முன்னோரின் பலகைக்குத் தலைவணங்குதல், அவர்களுக்குப் படையல் இடுதல், காகிதப் பணம் எரித்தல் ஆகியவை வணக்கம், எனவே அவற்றை ஏற்க முடியாது. இறந்தவரைப் பேழையோடு அடக்கும் ஹான் மக்களிடையே வாழ்ந்துகொண்டே ஹுய் மக்கள் ஜனாஸாவை வெண்துணியில் கபனிட்டு நேரே மண்ணில் அடக்கினர். தெளிவான நஸ்ஸுக்கு முரணாகாத வழக்காறுகளைக் கருத்திற்கொள்ளும் பிக்ஹு மரபின் செயல்வடிவம் இது. அக்கோடு எங்கே விழ வேண்டும் என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மக்காவிலிருந்து திரும்பிய மா வான்ஃபூ தொடங்கிய 'இஹ்வானி' இயக்கம், துக்க உடை அணிவதையும் கூலி பெற்றுக் குர்ஆன் ஓதுவதையும் எதிர்த்தது. விவாதம் கடுமையாக இருந்தபோதும், அது அச்சமூகத்தின் உள்விவாதமாகவே இருந்தது.

இவ்விடையை நேரில் காண விரும்புபவர் ஸியான் நகரின் பெரிய பள்ளிவாசலுக்குச் செல்ல வேண்டும். இன்றுள்ள அதன் கட்டடங்களில் பெரும்பாலானவை மிங் காலத்தவை. அங்கே குவிமாடம் இல்லை. அடுத்தடுத்த முற்றங்கள், மர வளைவுகள், ஓடு வேய்ந்த வளைந்த கூரைகள் எனச் சீன அரண்மனை போன்றே அது தோன்றும். மினாராவும் பல அடுக்கு மண்டபமாகவே அமைந்துள்ளது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சீனக் கோயில்களும் அரண்மனைகளும் மரபுப்படி தெற்கு நோக்கியே அமையும். இப்பள்ளிவாசலின் அச்சு கிழக்கிலிருந்து மேற்காக, கிப்லாவை நோக்கிச் செல்கின்றது. தோற்றம் சீனத்தினுடையது, திசை கஃபாவினுடையது.

கோட்டை வரைபவர் யார்?

கலாசாரப் புரட்சிக் காலத்தில் (1966–1976) பள்ளிவாசல்கள் மூடப்பட்டன, பல இடிக்கப்பட்டன. 1980களின் பின் மீண்டும் எழுந்தவற்றுள் பல அரபுப் பாணிக் குவிமாடங்களுடன் கட்டப்பட்டன. அண்மைய ஆண்டுகளில் 'இஸ்லாத்தைச் சீனமயமாக்கல்' அரசின் கொள்கையாகியுள்ளது. 2018 முதல் 2022 வரைக்கான ஐந்தாண்டுத் திட்டமும் வகுக்கப்பட்டது. 2018 ஓகஸ்டில் நிங்ஸியாவின் வெய்ஜோ பள்ளிவாசலை இடிப்பதற்கு எதிராகவும், 2023 மே மாதம் யுன்னானின் நாஜியாயிங்கில் குவிமாடத்தை அகற்றுவதற்கு எதிராகவும் மக்கள் திரண்டனர். ஆயினும் மாற்றங்கள் நிற்கவில்லை. யுன்னானின் ஷாதியன் பள்ளிவாசலும் 2024இல் தன் குவிமாடத்தை இழந்தது. உணவகங்களின் பெயர்ப்பலகைகளிலிருந்து அரபு எழுத்துகள் நீக்கப்பட்டன. ஸின்ஜியாங்கில் உய்குர் மக்களின் நிலை இதனினும் கொடியது. அங்கு நிகழ்ந்த தடுத்துவைப்புகள் மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகத்தின் 2022 ஓகஸ்ட் அறிக்கை கூறியது. சீன அரசு அதனை மறுத்துள்ளது.

வளைந்த சீனக் கூரை இஸ்லாத்துக்கு அந்நியம் என்று எவரும் கூற முடியாது. ஹுய் மக்களே அதனைப் பல நூற்றாண்டுகளாகத் தம் பள்ளிவாசல்களுக்கு விரும்பி அமைத்தனர். குவிமாடம் ஈமானின் நிபந்தனையும் அன்று. பிரச்சினை கூரையின் வடிவத்தில் இல்லை. எது வழக்காறு, எது வணக்கம் என்ற கோட்டை முன்னர் வரைந்தவர்கள் நூலறிவும் இறையச்சமும் கொண்ட அச்சமூகத்தின் அறிஞர்கள். இன்று அதனை வரைய முற்படுவது அரசு. அறிஞர் வரைந்த கோடு இரு பண்பாடுகளையும் வளப்படுத்தியது. ஆணையால் வரையப்படும் கோடு 'லி' என்ற சொல்லுக்கே முரணானது. ஏனெனில் கன்பூசியர் கற்பித்த மரியாதையில் ஆள்வோருக்கும் கடமை உண்டு.

சீனப் பண்பாட்டை அறிவது சீனருடன் பழகுவதற்கு மட்டும் பயன்படுவதன்று. பன்மொழி, பல்சமய நாடுகளில் வாழும் தமிழ் முஸ்லிம்களாகிய நாமும் அன்றாடம் அதே கோட்டின் மீதே நடக்கின்றோம். பிறர் வைபவத்தில் எதில் பங்கேற்பது, எதில் ஒதுங்குவது, ஒதுங்கும்போது அவரது முகம் வாடாமல் எவ்வாறு ஒதுங்குவது என்ற வினாக்கள் எமக்கும் உரியன. மதுவுக்குப் பதிலாகத் தேநீர்க் கிண்ணத்தை உயர்த்தும் சீன முஸ்லிம், மார்க்கத்தையும் விட்டுக்கொடுக்காமல் விருந்தளித்தவரின் மனத்தையும் நோகடிக்காமல் அவ்வினாவுக்கு விடையளித்து வந்துள்ளார். லியூ ஸி நூலில் எழுதியதும் அந்த விடையையே.